எருமைத் தோல் போர்த்திய ஆலயம்

வாயில் ஆறு ஆணிகளைக் கடித்துக்கொண்டு ஆலயத்துப் பெஞ்சின்மேல் ஏறி நிற்கிறேன். தோளில் ஒரு முழு எருமைத் தோல். கழுத்து வழியாக ஒழுகுவது வியர்வையா, தோலில் இருந்த தண்ணீரா என்று தெரியவில்லை. பெஞ்சு ஆடாமல் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறாள் என் மனைவி ஞானப்பூ.

“ஆணிய முழுங்கித் தொலச்சிராதீய. அப்புறம் இன்னைக்குத் திருவிருந்தோட அடக்க ஆராதனையும் சேத்து நடத்த வேண்டியிருக்கும்” என்கிறாள்.

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் பேசுகிறாள்.

போன வாரம் நான் தாராவித் தோல்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மகள், “அம்மாவைப் பத்தி ஒரு வரி கூட இல்லையேப்பா” என்று கோபித்துக்கொண்டாள். அவள் சொன்னது நியாயம். பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமையை எழுத வேண்டுமென்றால் ஞானப்பூவை விட்டுவிட்டு எழுத முடியாது.

தோலுக்கு ஓய்வுநாள் இல்லை

பம்பாய் முழுக்க ஞாயிற்றுக்கிழமை கறி தின்னும். அதனால் ஞாயிறு காலை பாந்த்ராக் கசாப்புக் கூடத்திலிருந்து பச்சைத் தோல் வண்டி வண்டியாக வந்து எங்களிடம் இறங்கும். உடனே உப்புப் போட வேண்டும், சுண்ணாம்புத் தொட்டியில் இறக்க வேண்டும். வெயிலோ மழையோ, கொஞ்சம் அசந்தால் அழுகிவிடும். கர்த்தர் எங்களுக்கு ஓய்வுநாளைக் கொடுத்தார், தோலுக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே எங்களுக்கு ஞாயிறு சாயங்கால ஆராதனைதான். ஏழு மணிக்கு. செங்கல் சுவர், தகரக் கூரை, பக்கத்துக்கு நான்காக எட்டு ஜன்னல். ஜன்னலுக்குக் கதவு கிடையாது, வெறும் கம்பிவலை. சபை சேர்ந்து கட்டியபோது கதவுக்கு வந்ததும் கைப்பணம் தீர்ந்துபோயிற்று. “காத்து வரட்டும்” என்று விட்டுவிட்டோம். அந்த வாசனைக்குக் காற்று வேண்டியதுதான்.

வாசனை என்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். தோல்காரனை ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். கண்ணைத் திறந்திருந்தால் கையைப் பார்த்தாலே போதும். தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் கை விட்டு விட்டு, உள்ளங்கையும் நகக்கண்ணும் பழுப்புச் சிவப்பாகிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. மாஹிமிலிருந்து ரயில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் முதலில் கையைப் பார்ப்பார், பிறகு எழுந்து போய்விடுவார். எங்களுக்கு இடம் கிடைத்துவிடும். நாங்கள் சிரித்துக்கொண்டே உட்காருவோம்.

மற்ற வாரங்களில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். மாதத்தில் ஒரு ஞாயிறு ஐயர் வருவார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அன்றைக்குத் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் எல்லோருக்கும் பங்கிடுவார். அன்று மட்டும் மாட்டுங்காவிலிருந்து ஆபீஸ் குடும்பங்களும் எங்கள் ஆலயத்துக்கு வருவார்கள். முன்னால் இருக்கும் இரண்டு பெஞ்சுகள் அவர்களுக்கு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கும் எழுதி வைத்ததில்லை. திருவிருந்துக்கு அந்த முன் பெஞ்சுக்காரர்கள்தான் முதலில் எழுந்து போவார்கள். ஒரே பாத்திரம், எல்லோர் உதடும் படும் பாத்திரம். அவர்கள் குடித்து முடித்த பிறகு நாங்கள் போவோம். எங்கள் உதடு பட்ட பிறகு அவர்கள் யாரும் குடித்ததில்லை. யாரும் எதுவும் சொன்னதில்லை. பத்து வருஷம் அப்படியே நடந்தது.

வார்டன் வந்தார்

சண்டை தொடங்கியதும் பொழுது இறங்கினால் பம்பாய் இருட்டு. தெருவிளக்கு இல்லை. பஸ் விளக்குக்குக் கறுப்புப் பெயின்ட். வீட்டில் அரிக்கேன் விளக்கைத் தூண்டினால்கூடத் தெருவிலிருந்து அதட்டல் வரும்.

எங்கள் எட்டு ஜன்னல் வழியாகப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தாராவிச் சேற்றில் நீளமாக விழுந்தது. முதல் ஞாயிறே, விளக்கு அணைந்திருக்கிறதா என்று தெருத் தெருவாகப் பார்க்கும் வார்டன் கதம் குண்டாந்தடியோடு உள்ளே வந்துவிட்டார். நெற்றியில் மழைத்தண்ணீர், கையில் விசில்.

“ஏ மத்ராஸி லோக்! பத்தி புஜாவ்! ரிப்போர்ட் லிகூங்கா!”

விளக்கை அணைத்தோம். ஆராதனை பாதியில் நின்றது. ரிப்போர்ட் எழுதினால் போலீஸ் வந்து பூட்டுப் போடும் என்று எல்லோருக்கும் பயம்.

அந்த வாரமே சபைச் செக்ரெட்டரி துரைராஜ் சார் என்னை மாட்டுங்காவுக்குக் கூப்பிட்டனுப்பினார். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. மோசமான மனுஷர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ரேஷன் கார்டு எழுதிக்கொடுத்தது அவர்தான். ஓடிக்கொலோன் தடவிய கைக்குட்டையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

“சாமுவேல், சண்டை முடியற வரைக்கும் ஈவ்னிங் சர்வீஸ் வேண்டாம். திருவிருந்தைக் காலைல மாட்டுங்காவுல ஒரு ஹால்ல வச்சுக்கலாம்.”

“காலைல நாங்க எப்படி சார் வாரது?”

“சண்டை என்ன நூறு வருஷமா நடக்கப்போவுது? கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க.”

“வெளிச்சம் வெளிய போகாம மறைச்சிட்டா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. வார்டன் வாயால ‘சரி’ன்னு வரணும். இல்லேன்னா வர்ற ஞாயிறு அறிவிப்பு நேரத்துல நான் நோட்டீஸ் படிச்சிடுவேன். எழுதி வச்சாச்சு.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஞானப்பூ அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அப்ப எந்தம்பி பேர எங்க வச்சுச் சொல்லுதது?”

அவள் தம்பி ஜேக்கப் பட்டாளத்தில் லாரி டிரைவர். பஞ்சாப் பக்கம். மூன்று வாரமாகக் கடுதாசி இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஜெப நேரத்தில் எழுந்து அவன் பெயரைச் சொல்வாள்.

“வீட்லயே ஜெபிக்கலாம்லா” என்றேன்.

“வீட்டுல நான் ஒருத்தி. அங்க நூறு பேரு ஆமென் சொல்லுதாவ.” குழலை ஓரமாக வைத்தாள். “நோட்டீஸாம் நோட்டீஸு. எட்டு ஜன்னல மூட முடியாத ஆளு நீங்க என்னத்துக்குத் தோல்ஷாப்புல இருக்கிய?”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தச் சொல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கறுப்புக் காகிதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் தீர்ந்துபோயிருந்தது. கிடைத்தாலும் மழையில் கரைந்துவிடும். ஆனால் ஒரு எருமைத் தோல் ஒரு ஜன்னலை மூடும்.

மீரான் முதலாளி

எங்கள் முதலாளி மீரான், எங்கள் ஜில்லாக்காரர்தான். அந்த நாட்களில் அவருக்கு நிம்மதி இல்லை. போலீஸ்காரர்கள் இரண்டு தடவை வந்து, வீட்டில் ரேடியோ இருக்கிறதா, எந்த ஸ்டேஷன் கேட்கிறாய் என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். முஸ்லிம் என்ற ஒரே காரணம்தான்.

சனிக்கிழமை அவரிடம் போய் நின்றேன். எட்டுத் தோல் இரவல் வேண்டும் என்றேன்.

“என்னவே சாமுவேலு, கோயிலுக்குச் செருப்புத் தைக்கப் போறீரா?”

விஷயத்தைச் சொன்னேன்.  தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“உங்க கோயில்ல என் தோலு தொங்குச்சுன்னா, மீரான் அதுக்குப் பின்னால நின்னு பிளேனுக்கு சிக்னல் குடுத்தான்னு சொல்லுவானுவவே.”

“சொன்னா நான் முன்னால நிப்பேன் மொதலாளி.”

“நீரு நின்னு?” சிரித்துவிட்டார். “உம்மளயும் சேத்துத்தான் வண்டில ஏத்துவான். போவட்டும். என்னைப் பள்ளிவாசலுக்குப் போவாதன்னு எவனாவது சொன்னா நான் கேப்பனா? மூணாவது கொட்டாய்ல காஞ்ச தோலு கெடக்கு. அதுல எட்டு எடுத்துக்கிடும்.”

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். ஞாயிறு மத்தியானம் வேலை முடிந்து போனபோது மூன்றாவது கொட்டகையில் காய்ந்த தோல் இரண்டுதான் இருந்தது. மீதியை லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். இரண்டாவது கொட்டகைக்குப் போனேன். அங்கே முந்தின நாள்தான் பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்ட தோல்கள். தொட்டுப் பார்த்தேன். மழைக்காலத்தில் எதைத் தொட்டாலும் ஈரமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனை வருஷம் தோலில் கை வைத்தவனுக்கு ஈரம் தெரியாதா? தெரியும். வேறு வழியில்லை என்பதும் தெரியும். ஆறை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே எருமை

ஐயர் மழையில் நனைந்துகொண்டு ஆறரை மணிக்கு வந்தார். வாசலில் நின்றார். உள்ளே எட்டு எருமைத் தோல், வாலோடு சேர்த்து ஆணியடித்துத் தொங்குகிறது. மாட்டுங்காப் பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். துரைராஜ் சார் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

“ஐயரே, இதைப் பாருங்க. இது ஆலயமா, கிடங்கா?”

ஐயர் ஒரு தோலைத் தொட்டுப் பார்த்தார். “மோசே காலத்துல கர்த்தரைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்துக்கும் தோல்தான் போர்த்தினாங்க சார். அங்க ஆட்டுக்கடா, இங்க எருமை. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் பிழைப்பை வேதத்தோடு சேர்த்து ஒருவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

பெட்ரோமாக்ஸை ஏற்றினார்கள். நூற்றுக்குமேல் ஆட்கள். ஜன்னல் எல்லாம் அடைப்பு. கால் மணி நேரத்தில் உள்ளே அடுப்படி போலாகிவிட்டது. அப்போதுதான் தோல்கள் வேர்க்க ஆரம்பித்தன. முதலில் ஒரு சொட்டு, பிறகு வரிசையாக. ஆவாரம்பட்டைச் சாறு, பழுப்புச் சிவப்பில், சுவர் ஓரம் உட்கார்ந்தவர்கள் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று வெளுத்து வைத்த வெள்ளைச் சேலைகள், வெள்ளை வேட்டிகள். ஞானப்பூவின் தோளில் ஒரு பெரிய கறை படர்ந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

துரைராஜ் சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நோட்டீஸ் அங்கேதான் இருந்தது.

சங்கு ஊதியது

பிரசங்கம் முடிந்தது. ஐயர் அப்பத்தைப் பிட்டுப் பாத்திரத்தை ஆசீர்வதித்த நேரம். சைரன் ஊத ஆரம்பித்தது. 

சைரன் ஊதினால் எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். பெட்ரோமாக்ஸின் காற்றைத் திறந்துவிட்டார்கள். புஸ்ஸென்று அணைந்தது. தோல் போர்த்திய ஆலயத்துக்குள் என் கையே எனக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ பெஞ்சில் இடித்துக்கொண்டார்கள்.

“ஐயரே, சர்வீஸை இத்தோட முடிச்சிடலாம்” என்றது துரைராஜ் சார் குரல்.

ஐயர் பதில் சொல்வதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு எழும்பியது. ஞானப்பூ. அவளுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. ஆனால் ஞானப்பாட்டுகள் அத்தனையும், கடைசி அடிவரை மனப்பாடம். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். முன் பெஞ்சுகளும் சேர்ந்து பாடின. முதல் சரணம் முடிந்ததும் அங்கே குரல் அடங்கிவிட்டது. பாட்டுப் புத்தகம் மடியில் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. எங்கள் பக்கம் நிற்கவே இல்லை. இரண்டாம் சரணம், மூன்றாம் சரணம். தகரக் கூரையில் மழை. வானத்தில் என்ன பறக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பறக்கட்டும் என்று பாடினோம்.

கதவில் தடியால் இடி விழுந்தது.

“கோன் ஹை அந்தர்? க்யா ஹல்லா ஹை?”

வார்டன் கதம், உள்ளே யார், என்ன கூச்சல் என்று கேட்கிறார். நான் தடவிப் போய்க் கதவைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: “சாப், உங்க சட்டம் வெளிச்சத்துக்குத்தானே? பாட்டுக்கு இல்லையே?”

“பத்தி கஹாங் ஹை?” என்று கேட்டார், விளக்கு எங்கே என்று.

“இவ்வளவு நேரம் பெட்ரோமாக்ஸ் எரிஞ்சுது சாப். இப்பதான் அணைச்சோம்.”

அவர் நம்பவில்லை. “மைந்தோ ஆதா கண்டா ஸாம்னே கடா தா! குச் நஹீ திகா” என்றார். அரை மணி நேரமாக எதிரிலேயே நின்றிருக்கிறார், ஒரு பொட்டு வெளிச்சமும் கண்ணில் படவில்லை. பிறகு மூச்சை இழுத்தார். “அரே பாப் ரே! க்யா பாஸ் ஹை!” என்ன நாற்றம் என்று.

“எருமை சாப்” என்றான் இருட்டில் எவனோ. சைரன் நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சைரன் நேரத்தில் தெருவில் நிற்கக் கூடாது. அவர் போட்ட சட்டம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்போது ஐயர் குரல் கேட்டது. “அப்பம் பிட்டாச்சு. பாத்திரம் ஆயத்தமா இருக்கு. இருட்டுன்னு கர்த்தருடைய பந்தியை மூடி வைக்க முடியாது. வாங்க.”

யார் முதலில் என்று இருட்டில் எப்படிப் பார்ப்பது? நடுவில் பிள்ளைகள் பாயில் படுத்திருந்தார்கள். சுவர் ஓரமாகத்தான் போக வேண்டும். எல்லோரும் சுவரைத் தடவிக்கொண்டு, தொங்கும் தோலைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு பீடத்துக்கு நடந்தோம்.

நான் முழங்காலில் நின்றேன். என் வலப்பக்கம் ஒருவர் வந்து முழங்காலிட்டார். ஓடிக்கொலோன் வாசனை அடித்தது.

ஐயருக்கு ஆள் தெரியவில்லை. “பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கொடுங்க” என்று பாத்திரத்தை என் கையில் வைத்தார். குடித்தேன். வலப்பக்கம் நீட்டினேன். ஒரு கை வந்து என் விரல்மேல் பட்டது. சுண்ணாம்பு தின்ற விரல், தடவினாலே தெரியும். அந்தக் கை நின்றுவிட்டது.

“யாரு?” மெதுவாகக் கேட்டார்.

“சாமுவேல் சார்.”

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நான் பாத்திரத்தை இழுத்துக்கொள்ளவில்லை.  வேண்டுமென்றால் நீர் எழுந்து போம், நான் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன் என்று மனசுக்குள் சொன்னேன். பிறகு பாத்திரம் என் கையை விட்டுப் போனது. ஒரு மிடறு இறங்குகிற சத்தம் கேட்டது.

கைகள்

ஆபத்து நீங்கிய சங்கு ஊதி, விளக்கை மறுபடி ஏற்றியபோது ஆலயம் முழுக்க ஒரு கூச்சல். எல்லோரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுங்காப் பெண்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், ஐயர், கதவோரம் தடவி வந்த வார்டன் வரை, எல்லோர் உள்ளங்கையும் பழுப்புச் சிவப்பு. யார் தோல்காரன், யார் ஆபீஸ்காரர் என்று கையை வைத்துச் சொல்ல முடியாது.

அறிவிப்பு நேரம் வந்ததும் துரைராஜ் சார் நோட்டீஸை எடுத்தார். வெள்ளைக் காகிதத்தில் ஐந்து விரலும் பதிந்தன. கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டைதான் சிவந்தது.

“இது எப்ப போகும்?” என்று பொதுவாகக் கேட்டார்.

ஞானப்பூ எழுந்து நின்றாள். தோளில் அந்தக் கறை. “எங்களுக்கு இன்னும் போகலியே சார்” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். வார்டனைப் பார்த்தார். வார்டன் தலையை ஆட்டி, “டீக் ஹை, ஏக்தம் அந்தேரா” என்றார். நல்ல இருட்டு, குறையில்லை என்று. நோட்டீஸ் மடிந்து பைக்குள் போயிற்று. அதன் பிறகு வெளியே வரவில்லை.

அன்று ஜெப நேரத்தில் ஞானப்பூ தம்பி பெயரைச் சொன்னாள். நூறு பேர் ஆமென் சொன்னார்கள். பின்னாலிருந்து ஒரு ஆமென் தாமதமாக, கரகரவென்று வந்தது. வார்டன்தான் என்று எங்களுக்குள் இன்றுவரை வழக்கு இருக்கிறது.

சண்டை முடிந்தது. ஜேக்கப்பிடமிருந்து கடுதாசி வந்தது: காலில் காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், சுகம். தோல்களைக் கழற்றி மீரான் முதலாளியிடம் கொண்டுபோனேன். ஆணி ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சல்லடை ஆக்கிட்டீரேவே. போம், கோயில்லயே வச்சிக்கிடும். அடுத்த சண்டைக்கு ஆவும்” என்றார்.

அடுத்த மாதத் திருவிருந்து வந்தது. ஜன்னல் எட்டும் திறந்திருந்தன. பெட்ரோமாக்ஸ் பளீரென்று எரிந்தது. எல்லோர் கையும் வெளுத்திருந்தது, எங்கள் கையைத் தவிர. ஐயர் பந்திக்கு அழைத்தார். துரைராஜ் சார் வழக்கம்போல எழுந்து இரண்டடி நடந்துவிட்டார். எங்கள் பக்கம் பழக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள். நானும்தான்.

ஞானப்பூ எழுந்தாள். கறை போகாத அதே வெள்ளைச் சேலை.

“எங்கட்டி போற? உக்காருட்டி” என்று அவள் பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்தாள்.

“இருட்டுல எந்திரிச்ச காலு, வெளிச்சத்துல எந்திரிக்காதாக்கும்?”

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள். நடுவழியாக நடந்து போனாள். துரைராஜ் சார் நின்றார். அவள் நிற்கவில்லை. அவர் ஒரு பெஞ்சின் பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார்.

நான் எழுந்து அவள் பின்னால் போனேன்.